டாக்டர் கையெழுத்துக்கு முன்னால்: பள்ளி அணிக்குப் போகும் பிள்ளைக்கு மருத்துவப் பரிசோதனை

ஜூன் கடைசியில் பிள்ளை ஒரு தாளோடு வீட்டுக்கு வரும். "அம்மா, குறுவட்டப் போட்டிக்கு என் பேரும் குடுத்திருக்காங்க. நாளைக்குள்ள டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணுமாம்." மறுநாள் காலை தெருமுனை கிளினிக்கில் டோக்கன் போடுவீர்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்து, "பிரச்சினை ஒண்ணும் இல்லையே?" என்பார். "இல்லை சார்" என்றதும் முத்திரை விழும். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்.

நான் 23 ஆண்டுகளாகப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். இப்படிப்பட்ட தாள்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுடையது. நன்றாகக் கோ-கோ ஆடுவாள். ஆனால் இரண்டு சுற்று துரத்திவிட்டு வந்தால் உட்கார்ந்துவிடுவாள், எழுந்திருக்க நேரமாகும். "சோம்பேறித்தனம்" என்று நானே திட்டியிருக்கிறேன். அந்த ஆண்டு பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுவின் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது இதய வால்வு ஒன்று கெட்டிருந்தது தெரிந்தது. ஏழு வயதில் அவளுக்குத் தொண்டை வலி வந்து, அது போன பிறகு காய்ச்சலோடு முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கியிருக்கின்றன. அம்மாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. "அது காய்ச்சல்தானே டீச்சர், அதையா கேக்குறாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. "பிரச்சினை இருக்கா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்பது அவர் அறிந்தவரை உண்மை. சரியான கேள்வியை, அவருக்குப் புரியும் வார்த்தையில், யாருமே கேட்கவில்லை. முதல்முறையாகப் பிள்ளையை அணிக்கு அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். பரிசோதனையின் பெரும்பகுதி டாக்டர் அறையில் நடப்பதில்லை. அதற்கு முந்தைய நாள் உங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது.

எப்போது போவது

போட்டிக்கு முதல் நாள் போகாதீர்கள். பயிற்சி தொடங்குவதற்கு ஆறு வாரமாவது முன்னால் போவது நல்லது. குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வந்துவிடும். அப்படியானால் மே மாத விடுமுறையிலேயே ஒரு நாள் ஒதுக்குங்கள். 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் உங்கள் பிள்ளை எதில் வரும், என்ன விளையாட்டு என்பதையும் பி.டி. சாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 3000 மீட்டர் ஓடுபவருக்கும் கபடி ஆடுபவருக்கும் செஸ் ஆடுபவருக்கும் டாக்டர் பார்க்க வேண்டியது ஒன்றல்ல.

ஆறு வாரம் எதற்கு? ரத்தம் குறைவு என்று தெரிந்தால் மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். எக்கோ எடுக்கச் சொன்னால் ஜி.ஹெச்.சில் நாள் கொடுப்பார்கள். முழங்கால் வலிக்கு ஓய்வு வேண்டியிருக்கலாம். கடைசி நாளில் போனால் இவற்றில் எதற்கும் இடமிருக்காது. டாக்டருக்கும் தர்மசங்கடம். வெளியே பிள்ளை ஜெர்சியோடு நிற்கிறது, பேருந்து கிளம்பப் போகிறது. அந்த நேரத்தில் "இன்னும் ஒரு டெஸ்ட் பார்த்துடலாம்" என்று சொல்ல எந்த டாக்டருக்கும் மனம் வராது.

வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டியது

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பாட்டியையும் கூப்பிடுங்கள். குடும்பத்தில் யார் எப்படிப் போனார்கள் என்பது பாட்டிக்கும் அத்தைக்கும்தான் தெரியும்.

பள்ளி, கல்லூரி வீரர்களின் இதயத்தைச் சோதிக்க அமெரிக்க இதயச் சங்கம் 14 அம்சங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் 10 கேட்டுத் தெரிந்துகொள்வது. உடம்பைத் தொட்டுப் பார்ப்பது 4 மட்டுமே. அந்தக் கேள்விகளையும், நம் ஊருக்கு வேண்டிய இன்னும் சிலவற்றையும், நம் வீடுகளில் பேசும் பேச்சில் கீழே தருகிறேன்.

மயக்கம். இதை முதலில் கேளுங்கள். மயங்கி விழுந்தது உண்டா என்பதோடு நிறுத்தாமல், எப்போது விழுந்தது என்று கேளுங்கள். காலை பிரேயரில் வெயிலில் வெறும் வயிற்றோடு நெடுநேரம் நின்று, கண் இருட்டி, வியர்த்து விழுவது நம் பள்ளிகளில் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் அது சாதாரண மயக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த அறிகுறியும் இல்லாமல், கையைக்கூட ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தால் அது வேறு. திடீர்ச் சத்தம் கேட்டோ, பயந்தோ, கிணற்றில் குதித்த நொடியிலோ நினைவு போவதும் அப்படித்தான். இப்படி ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் இதய மருத்துவர் பார்க்காமல் பிள்ளையைக் கிரவுண்டில் இறக்கக் கூடாது. "அன்னிக்கு சாப்பிடல, அதான்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

நெஞ்சு. ஓடும்போது நெஞ்சை அழுத்துவது போலவோ இறுக்குவது போலவோ இருக்கிறதா? சும்மா இருக்கும்போதே படபடவென்று அடித்துக்கொள்கிறதா? கூட ஓடுகிற பிள்ளைகளைவிட முன்னதாகவே மூச்சு வாங்குகிறதா? இதைப் பிள்ளையிடம் நேராகக் கேட்டால் "இல்லை" என்றே வரும், ஏனென்றால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். "ரெண்டு ரவுண்டு ஓடினா உனக்கு எப்படி இருக்கு, உன் ஃப்ரெண்டுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வரும்.

பழைய கதை. குழந்தையாக இருந்தபோது "இதயத்துல சத்தம் கேக்குது, பெரிசானா சரியாயிடும்" என்று எந்த டாக்டராவது சொன்னாரா? ஈ.சி.ஜி., எக்கோ எடுக்கச் சொல்லி விட்டுவிட்டீர்களா? பி.பி. அதிகம் என்றார்களா? விளையாட வேண்டாம் என்று யாராவது, எப்போதாவது சொன்னார்களா? 5 முதல் 15 வயதுக்குள் தொண்டை வலி வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்கிக் காய்ச்சல் வந்ததா? இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொல்லி, நடுவில் நிறுத்திவிட்டீர்களா? அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டில் தடம் இல்லாமல் போய்விடும், இதய வால்வில் மட்டும் தங்கிவிடும்.

குடும்பம். 50 வயதுக்கு முன்னால் திடீரென்று இறந்தவர் யாராவது உண்டா? இந்தக் கேள்வியைப் பாட்டியிடம் இப்படியே கேட்டால் பயனில்லை. நம் ஊரில் அப்படிப்பட்ட சாவுக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. "காத்து கருப்பு அடிச்சிடுச்சு", "முனி அறைஞ்சிடுச்சு", "ராத்திரி படுத்தவன் காலைல எந்திரிக்கல", "நல்லா நீச்சல் தெரிஞ்சவன், அன்னிக்கு மூழ்கிட்டான்." இவை எல்லாவற்றையும் எழுதுங்கள். இளவயதில் பேஸ்மேக்கர் வைத்தவர், மாற்று இதயம் பொருத்தியவர் இருந்தால் அதையும் எழுதுங்கள். கணவனும் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் உறவா என்பதையும் சேருங்கள். இது குறை சொல்வதற்கான கேள்வி அல்ல. சில பரம்பரை இதய நோய்கள் சொந்தத்தில் மணந்த குடும்பங்களில் கூடுதலாக வரும், டாக்டர் அந்தக் கண்ணோடு பார்ப்பார்.

மற்றவை. ஓடி முடித்ததும் இருமல் வருகிறதா, இரவில் இருமுகிறதா? வீசிங் உண்டா? வலிப்பு வந்ததா, கடைசியாக எப்போது? தலையில் அடிபட்டு நினைவு தடுமாறியதா? எலும்பு முறிந்ததா, கட்டுப் போட்ட இடம் இன்னும் வலிக்கிறதா? ஒரு கண்ணில் பார்வை இல்லையா, ஒரு சிறுநீரகம்தானா? மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், சத்து பவுடர், எனர்ஜி டிரிங்க் என்று என்ன உள்ளே போகிறதோ எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்த மருந்துக்கு அலர்ஜி என்பதையும் எழுதுங்கள்.

எங்கே போவது, எதை எடுத்துக்கொண்டு போவது

பிள்ளையைச் சிறுவயதிலிருந்து பார்த்த டாக்டர் இருந்தால் அவரிடமே போங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ போதும். பள்ளி கொடுத்த தாளில் "அரசு மருத்துவர் கையெழுத்து" என்று இருக்கிறதா என்று முன்னாலேயே படித்துப் பாருங்கள், இரண்டு முறை அலைய வேண்டாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104 எண்ணில் கேட்கலாம்.

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் என்ற தேசியத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கே வரும். 2013-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 18 வயது வரை பார்க்கிறார்கள். குறை கண்டால் மேல்சிகிச்சைக்கும் அனுப்புகிறார்கள். குழு வரும் நாளை வகுப்பாசிரியரிடம் கேட்டு, அன்று பிள்ளையை லீவு போட விடாதீர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தனுப்புங்கள். ஆனால் ஒரே நாளில் நிறையப் பிள்ளைகளைப் பார்க்கும் குழு அது. அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

பழைய மருந்துச் சீட்டு, எக்கோ ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை, கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடி, இன்ஹேலர் இருந்தால் இன்ஹேலர், எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். தேசிய அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி இருக்கிறது. மண் தரையில் உராய்ந்து ஆடும் பிள்ளைக்கு அது விடுபட்டிருக்கக் கூடாது. தளர்வான உடை போட்டுப் போகட்டும். பெண் பிள்ளைக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

டாக்டர் அறையில் என்ன நடக்க வேண்டும்

நோட்டைக் கொடுத்து, "சார், ஸ்போர்ட்ஸ்ல சேர்றான், எழுதிட்டு வந்திருக்கோம், ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று சொல்லுங்கள். கூட்டமான ஓ.பி.யில்கூட, எழுதியதைப் படிக்க ஒரு நிமிடம் ஒதுக்காத டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

உயரம், எடை, பார்வை எல்லாம் நர்சே பார்த்துவிடுவார். பி.பி.யில் மட்டும் கவனமாக இருங்கள். ஓடி வந்தவுடன் பார்க்கக் கூடாது, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும். ஒல்லியான கையில் பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். குண்டான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் கூட்டிக் காட்டும். 13 வயதுக்கு மேல் 130-க்கு 80 என்பதைத் தொட்டாலே வேறு ஒரு நாள் மறுபடி பார்க்க வேண்டும்.

இதயத்தைப் படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை கேட்க வேண்டும். பிள்ளைகளின் நெஞ்சில் கேட்கும் சத்தங்களில் பெரும்பாலானவை கெடுதல் இல்லாதவை, எழுந்து நின்றால் குறைந்துவிடும். இதயத் தசை தடித்துப்போகும் நோயில் கேட்கும் சத்தம் எழுந்து நின்றால் கூடும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். தொடை இடுக்கில் கை வைத்து நாடி பார்த்தால் பிள்ளை கூச்சப்படும். இதயத்திலிருந்து கீழே போகும் பெரிய ரத்தக் குழாய் குறுகியிருந்தால் அங்கே நாடி பலவீனமாக இருக்கும், அதற்காகத்தான் அந்தச் சோதனை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் நெட்டையான பிள்ளையாகப் பார்த்து எடுக்கிறோம். நானும் அப்படித்தான் எடுத்தேன். அமெரிக்காவின் ஃப்ளோ ஹைமன் ஆறடிக்கும் மிக உயரமான வாலிபால் வீராங்கனை, 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் ஆடியவர். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு ஆட்டத்தின் நடுவே மாற்று வீராங்கனையாக வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மார்ஃபான் என்ற பரம்பரை நோயால் மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய், கிழிந்தது தெரியவந்தது. அதன்பிறகு அவருடைய சகோதரரைச் சோதித்தபோது அவருக்கும் அதே நோய் இருந்தது. அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பிள்ளை இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கட்டும். விரல் நுனி முதல் விரல் நுனி வரை அளந்தால் வரும் நீளம் உயரத்தைவிடக் கணிசமாக அதிகமா? விரல்கள் சிலந்திக்கால் போல் நீண்டிருக்கின்றனவா? நெஞ்செலும்பு உள்வாங்கியோ புடைத்தோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் நோய் என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூட்டுகளுக்கு வாத்து நடை நடக்கச் சொல்வார்கள். குந்தி உட்கார்ந்தபடி நாலடி நடந்தால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றின் குறையும் தெரிந்துவிடும். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டு போல் புடைத்து வலிப்பது குதித்து ஆடும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும். ஆட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் சரியாகக்கூடியது. தைலம் தேய்த்துக்கொண்டே ஆட விடாதீர்கள். ஆண் பிள்ளைகளுக்கு குடலிறக்கம் இருக்கிறதா, விரைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கபடிக்கும் மல்யுத்தத்துக்கும் தோலையும் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையின் படர்தாமரை ஒரே வாரத்தில் அணி முழுக்கப் பரவிவிடும்.

கடைசியாக ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே போய் உட்காருங்கள். புகையிலை, மன அழுத்தம், வெளியே சொல்ல முடியாத தொல்லை என்று அம்மா அப்பா முன்னால் வாய் திறக்காத பிள்ளை டாக்டரிடம் திறக்கும்.

ஈ.சி.ஜி. எல்லாருக்கும் வேண்டுமா

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்கள் எல்லாருக்கும் சட்டப்படி பரிசோதனை உண்டு, அதில் ஈ.சி.ஜி.யும் அடக்கம். அங்கே வெனெட்டோ பகுதியில் 1979 முதல் 2004 வரை எடுத்த கணக்கில், இளம் வீரர்களின் திடீர் இதயச் சாவு 89 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்க இதயச் சங்கம் எல்லாருக்கும் ஈ.சி.ஜி. என்பதைப் பரிந்துரைக்கவில்லை. பயிற்சி செய்யும் இதயமும் வளரும் இதயமும் பெரியவர்களின் கணக்குப்படி பார்த்தால் நோய் போலத் தெரியும், ஒன்றுமில்லாத பிள்ளைகள் வீணாகப் பயந்து ஒதுங்குவார்கள் என்பது அவர்கள் வாதம்.

இதயத் தசை தடிக்கும் நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேருக்கு எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதையும், அதற்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருப்பதையும் 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த மாற்றம் இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஆனாலும் நம் பிள்ளைகளின் குடும்பக் கதையை அக்கறையாகக் கேட்க அது போதுமான காரணம். என் எண்ணம் இதுதான்: நோட்டில் மயக்கம், நெஞ்சு, குடும்பம் ஆகிய மூன்றில் எதற்காவது "ஆமாம்" வந்தால் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் கட்டாயம். எதுவும் இல்லாமல் மாவட்டம், மாநிலம் என்று தீவிரமாக ஓடப்போகும் பிள்ளைக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து வைப்பது தப்பில்லை. ஆனால் பிள்ளைகளின் ஈ.சி.ஜி.யைப் படித்துப் பழகியவர் பார்க்கட்டும். இயந்திரம் அச்சடித்துத் தரும் வரியை நம்பிப் பயப்படாதீர்கள், நிம்மதியும் அடையாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ரத்த அளவு

என் அனுபவத்தில் அதிகமாகக் கண்டதும், மிக எளிதாகச் சரிசெய்ய முடிந்ததும் இதுதான். ஹீமோகுளோபின் 12 முதல் 14 வயது வரை 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 15-க்கு மேல் பெண்களுக்கு அதே 12, ஆண்களுக்கு 13. எட்டு, ஒன்பது வைத்துக்கொண்டு 400 மீட்டர் ஓடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா? பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக்குச்சி என்று எதையாவது ஒளித்துத் தின்கிறாளா? அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம், அடிக்காதீர்கள்.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னலுக்கு வெளியே வீசிவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும். சோற்றோடும் மாத்திரையோடும் டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாட்களில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையையும் விழுங்கினாளா என்று கேளுங்கள். 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலோ, பயிற்சி தொடங்கிய பிறகு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வரவில்லை என்றாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். "ஓடுறா, அதான் வரல" என்று விட்டால் எலும்பு பலவீனமாகும். நீலகிரிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனையும் பார்த்துவிடுங்கள்.

"சொன்னா டீம்ல எடுக்க மாட்டாங்க"

இந்தப் பயம்தான் உண்மையை விழுங்குகிறது. பி.டி. டீச்சராக உறுதியாகச் சொல்கிறேன், பரிசோதனைக்குப் போன பிள்ளைகளில் விளையாடவே கூடாது என்ற பதிலோடு திரும்பியவர்கள் மிகச் சிலர்தான்.

வீசிங் இருக்கும் பிள்ளை, டாக்டர் சொன்னபடி ஓடுவதற்குச் சுமார் 15 நிமிடம் முன்னால் இன்ஹேலர் எடுத்துக்கொண்டு நன்றாகவே ஓடும். இன்ஹேலர் வீட்டு அலமாரியில் இருந்தால் பயனில்லை, கிரவுண்டில் என் பையில் இருக்க வேண்டும். மாத்திரையால் வலிப்பு கட்டுக்குள் இருக்கும் பிள்ளை கபடியோ கோ-கோவோ ஆடலாமா என்று டாக்டரைக் கேட்டால் பெரும்பாலும் "ஆடட்டும்" என்பார். நீச்சலுக்கு மட்டும் பக்கத்தில் ஒருவர் கண் எடுக்காமல் நிற்க வேண்டும். இன்சுலின் போடும் பிள்ளைக்கு ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் சர்க்கரை பார்க்க வேண்டும், சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை இருந்தால் அந்தக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், இடித்து ஆடும் விளையாட்டைத் தவிர்த்து வேறு தேர்ந்தெடுக்கலாம்.

"பொண்ணுக்கு வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணத்துக்குக் கஷ்டம்" என்று என்னிடமே அழுத அம்மாக்கள் உண்டு. அவர்கள் கவலையை நான் சின்னதாக நினைக்கவில்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அதை வெளியே சொல்லாமல் காப்பது அவர் கடமை. பள்ளிக்கு நோயின் வரலாறு தேவையில்லை. ஒரு சின்னச் சீட்டுப் போதும்: என்ன மருந்து பையில் இருக்கிறது, திடீரென்று ஏதாவது நடந்தால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். அதை மூடிய உறையில் பி.டி. ஆசிரியரிடம் கொடுங்கள்.

டாக்டரின் பதில் மூன்று விதமாக வரலாம்: ஆடலாம், இன்னின்ன கவனத்தோடு ஆடலாம், இந்தச் சோதனை முடியும்வரை பொறுக்கவும். மூன்றாவது வந்தால் கையெழுத்துக்காக வேறு கிளினிக் தேடிப் போகாதீர்கள். இதயத்துக்கு மேல்சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, மருத்துவமனையில் அதற்கான கவுன்ட்டரில் கேளுங்கள். என் கோ-கோ பெண் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொண்டாள். இரண்டு ஆண்டுகள் ஸ்கோர் ஷீட் எழுதினாள், பிறகு இதய மருத்துவர் சொன்ன அளவுக்கு எறிபந்து ஆடினாள்.

சீட்டு வாங்கிய பிறகு

பரிசோதனை ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும். நடுவில் ஏதாவது மாறினால் அந்தச் சீட்டு செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு ஒரு நாளும் ஆட விடாதீர்கள். சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையே தாக்கும், அந்த நேரத்தில் ஓடினால் உயிருக்கு ஆபத்து. டெங்கு வந்து போனால் டாக்டர் மறுபடி பார்த்துச் சொன்ன பிறகே கிரவுண்டு. தலையில் அடிபட்டுத் தடுமாறினாலோ வாந்தி எடுத்தாலோ அன்று ஆட்டம் அதோடு முடிந்தது. அணி தோற்றாலும் சரி. அறிகுறிகள் போன பிறகு நடை, மெல்லோட்டம், தனிப் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, டாக்டர் அனுமதியோடு திரும்ப வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் பரிசோதனையில் பிடிபடாதவை உண்டு. டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், மருத்துவர்கள் இடைவிடாமல் கவனித்துவந்த தொழில்முறைக் கால்பந்து வீரர். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே அவர் இதயம் நின்றது. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, மின்னதிர்ச்சி கொடுத்து அங்கேயே மீட்டார்கள். அடுத்த ஆண்டே மறுபடி ஆடினார். ஆகவே சீட்டைக் கொடுக்கும்போது பி.டி. ஆசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "சார், ஒரு பிள்ளை விழுந்தா இங்க யாருக்கு முதலுதவி தெரியும்?" நான் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எந்த நல்ல ஆசிரியரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

யாரும் இடிக்காமல் தானாக விழுந்த பிள்ளை கூப்பிட்டால் பேசவில்லை, மூச்சு இல்லை அல்லது மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கை கால் கொஞ்சம் வெட்டி இழுக்கலாம், அதை வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம். சோடா தெளிக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். கை ஓய்ந்தால் ஆள் மாறலாம், அழுத்துவது நிற்கக் கூடாது. மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி அருகில் இருந்தால் ஓடிப்போய் எடுத்து வரட்டும், அது கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மூன்றாவது ஆள் கிரவுண்டின் வெளிக்கேட்டைத் திறந்து வைத்து, தெருவில் நின்று ஆம்புலன்ஸுக்குக் கை காட்டட்டும். எங்கள் பள்ளியில் அந்தக் கேட்டின் சாவி இப்போது அலுவலக அறையில் இல்லை, கிரவுண்டிலேயே ஆணியில் தொங்குகிறது.